மருந்தும் சரி, அளவும் சரி, நோய்தான் வேறு

புதிதாக வாங்கிய கடல் மீனை நேரே பெரிய தொட்டியில் விடக் கூடாது, சில வாரங்களாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கடல் மீன் வளர்ப்பவர்கள் அனைவரும் சொல்வார்கள். அந்தத் தனித்தொட்டிக்குள்ளேயே மீன் நோயில் விழுந்துவிட்டால் முதல் இரவில் எதைச் செய்வது, எதைத் தொடாமல் இருப்பது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. வெளியூர்க் கடை ஒன்றில் நான் இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினேன். ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது. இரண்டுக்கும் கொடுத்த விலை 1,800 ரூபாய். மருந்து, டெஸ்ட் கிட், ரசாயனம், போக்குவரத்து என்று அதன் பிறகு செலவானது ஏழாயிரத்துக்கு மேல். ஒரு மாதத்துக்கும் அதிகமாக என் மாலைப் பொழுதுகள் எல்லாம் தண்ணீர் தூக்குவதிலேயே கழிந்தன. பணத்தைவிட, சரியாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு தவறான நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரம்தான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

நான் இருப்பது இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், உச்சிப்புளி பக்கம். மீன் என்றால் வலையும் ஐஸ் பெட்டியும் ஏலமும்தான் நினைவுக்கு வரும் கரை இது. ‘குழம்பு வைக்கிற மீனுக்கு ஆஸ்பத்திரியா?’ என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்ததில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பின் மறுபக்கம் ஒன்று உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மருத்துவர் இருக்கிறார். கண்ணாடித் தொட்டியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு மீனை எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு ஓட இடம் கிடையாது. கடலுக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு கடல் மீனைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் நின்றது அன்று எனக்கு வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

முதலில் தனித்தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல் இல்லை, கல் இல்லை. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி எல்போக்கள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், அவ்வளவுதான். பார்க்க வெறுமையாக இருக்கிறதே, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல் இரண்டை எடுத்துப் போடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. பவளங்கள் 2001ஆம் ஆண்டிலிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; எடுப்பது குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுண்ணாம்பால் ஆன எந்தக் கல்லும் மணலும் மருந்தாகத் தண்ணீரில் போடும் தாமிரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த மருந்தளவு மாலையில் பாதியாக இறங்கியிருக்கும். மருத்துவம் பார்க்கும் தொட்டி வெறுமையாக இருப்பதே அதன் இலக்கணம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை மட்டும் பல வாரங்களுக்கு முன்பே பெரிய தொட்டியின் வடிகட்டிப் பகுதியில் போட்டு வைத்திருக்க வேண்டும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறியிருந்தால்தான் அவசரத்தில் அந்தத் தொட்டி பயன்படும்.

மீன்கள் வந்த மறுநாளே இரண்டும் தீனியைத் தொடவில்லை. பயண அலுப்பு என்று விட்டேன். அடுத்த நாள் பெரிய மீனின் ஆரஞ்சு நிறம் பால் கலந்ததுபோல் மங்கியிருந்தது. தலைக்குப் பின்னால், முதல் வெள்ளைப் பட்டைக்கு அருகில், தோலின் மேல் ஏதோ ஒரு படலம். செவுள் மூடி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். ‘அண்ணே, மேலெல்லாம் வெள்ளையா இருக்கு, மூச்சு வாங்குது’ என்றேன். ‘வெள்ளைப் புள்ளிதான் தம்பி. உரக்கடையில மயில்துத்தம் கிடைக்கும், ஒரு சிட்டிகை போட்டு விடுங்க, சரியாயிடும்’ என்றார். என்ன நிறத்தில் வெள்ளை, புள்ளியா படலமா, எப்போது தொடங்கியது என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கேட்கச் சொல்லும் அளவுக்கு எனக்கும் அன்று விவரம் இல்லை.

இங்கே அந்தச் சிட்டிகைக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். அந்தப் படிகத்தில் கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 25.5 சதவீதம்தான் தாமிரம். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரில் இருக்க வேண்டிய தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். 60 லிட்டர் தொட்டிக்கு 0.20 கணக்கில் 12 மில்லிகிராம் தாமிரம் வேண்டும். அது ஏறக்குறைய 47 மில்லிகிராம் படிகம். விரலால் அள்ளும் ஒரு சிட்டிகை அதைப்போல் பல மடங்கு இருக்கும். அந்த அளவில் மீன் நோயால் சாகுமுன் மருந்தால் சாகும். உரக்கடைச் சரக்கில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. ஆகவே ஆய்வகத் தரமான படிகத்தையே வாங்கி, ஒரு கிராமைத் துல்லியமான சிறு தராசில் நிறுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக்கொண்டேன். அந்தக் கரைசலில் 47 மில்லி எடுத்தால் மேலே சொன்ன கணக்கு வரும். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் பகுதி பகுதியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் தாமிர டெஸ்ட் கிட்டால் அளந்து பார்க்க வேண்டும். பாட்டிலில் விற்கும், செலேட் செய்யப்பட்ட (வேறொரு பொருளோடு பிணைக்கப்பட்ட) தாமிர மருந்துகளுக்கு அளவு வேறு. அவற்றில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குப் போக வேண்டியிருக்கும், அந்தந்த மருந்துக்கு ஏற்ற கிட்டால்தான் அளக்க முடியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மீனைப் பறிகொடுத்தவர்கள் நிறைய.

நான் குழப்பிக்கொள்ளவில்லை. அளவு 0.18க்கு அருகில் நின்றது. கணக்கு சரி, கரைசல் சரி, கிட்டில் நிறம் சரி. மீன் மட்டும் மணிக்கு மணி மோசமாகிக்கொண்டே போயிற்று. மறுநாள் இரவு பெரிய மீன் ஏர் பம்ப்பின் குமிழிகளுக்கு மேலே, நீர்ப்பரப்பில் வாயை வைத்துக்கொண்டு ஒருச்சாய்ந்து நின்றது. முந்தைய நாள் படலமாக இருந்தது இப்போது கோழையாகத் திரண்டு, பக்கவாட்டில் ஒரு துண்டு பிரிந்து, குமிழி மேலே வரும்போதெல்லாம் ஈரத்தாளைப்போல் ஆடியது. தாமிரத்தைக் கூட்டுவதா குறைப்பதா, தண்ணீரை மாற்றுவதா என்று ஒன்றும் புரியவில்லை. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் அது அடியில் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இல்லாத ஒரு கோபம். சின்ன மீன் எல்போவுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியிலும் அந்தப் பால்நிறம் தொடங்கியிருந்தது.

பெரியம்மா மகள் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறார். காலையில் அவரிடம் சொன்னதும், ‘செத்த மீனைக் கொண்டு வராதே. உயிரோட இருக்கிறதுல சுரண்டி எடுக்கணும், நானே வர்றேன்’ என்று தம்மிடம் இருந்த சிறிய நுண்ணோக்கியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். மீன் செத்த சில மணி நேரத்திலேயே ஒட்டுண்ணிகள் பலவும் உடலைவிட்டு அகன்றுவிடும் என்பதால் பழைய பிணத்தைச் சுரண்டிப் பயனில்லை என்றார். சின்ன மீனை நனைந்த வலையில் ஏந்தி, கவர்ஸ்லிப் எனும் மெல்லிய கண்ணாடித் தகட்டின் விளிம்பால் தலைப்பக்கமிருந்து வால்பக்கம் நோக்கி ஒரே ஒரு மெல்லிய இழுப்பு. ஒரு நிமிடத்துக்குள் மீன் மீண்டும் தண்ணீரில். வந்த கோழையைக் கண்ணாடித் துண்டில் தடவி நான் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விடப்போனபோது கையைத் தட்டிவிட்டார். நன்னீர் பட்டால் கடல் ஒட்டுண்ணிகள் வெடித்துவிடும், அதே தொட்டியின் உப்புநீரைத்தான் விட வேண்டும். நூறு மடங்கு பெருக்கத்தில் நான் பார்த்தது அவரை மாதிரி விளக்கம் தெரிந்தவர் இல்லாமல் விளங்கியிருக்காது. ‘தம்பி, அது சுத்துதா, ஊருதா, சும்மா இருக்கா, அதை மட்டும் சொல்லு’ என்றார். தட்டையாக, ஒரு பக்கம் சற்றே உள்வாங்கிய அவரைவிதை வடிவில், பத்துப் பதினைந்து உருவங்கள் கோழையின் ஊடே வழுக்கிக்கொண்டு ஊர்ந்தன. அது புரூக்ளினெல்லா. கோமாளி மீன்களை அதிகம் தாக்குவதாலேயே கோமாளி மீன் நோய் என்று பெயர் வாங்கிய ஒட்டுண்ணி. தாமிரம் அதை அசைக்காது. முந்தைய நாள் முழுவதும் நான் அளந்து அளந்து ஊற்றிய மருந்து அதற்கு வெறும் தண்ணீர்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்புள்ளி அல்ல என்பதைக் கண்ணாலேயே ஓரளவு பிரித்தறியலாம். வெண்புள்ளி நோயில் உப்புக்கல் தூவினாற்போல் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும், எண்ணிவிட முடியும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்து மறைந்து, பிறகு முன்னைவிட அதிகமாக வரும். மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் உதிர்ந்தவை தொட்டியின் அடியில் கூடுகட்டிப் பெருகிக்கொண்டிருக்கும். அதனால்தான் தாமிரத்தை 30 நாள் விடாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். வெல்வெட் நோயில் புள்ளிகள் மிக நுண்மையானவை; விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் பொன்தூசி படிந்தாற்போல் தெரியும், மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கி நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். தாமிரம் இதற்கும் வேலை செய்யும். புரூக்ளினெல்லாவில் புள்ளியே இருக்காது. நிறம் மங்கும், தலைப்பக்கமிருந்து கோழை திரளும், தோல் உரிவதுபோல் பிரியும், மூச்சு வாங்கும். நுண்ணோக்கியில் என்றால் இன்னும் எளிது: ஒட்டிய இடத்தில் அசையாமல் இருந்தால் வெல்வெட், பெரிய உருண்டையாக மெல்லச் சுழன்றால் வெண்புள்ளி, தட்டையாக ஊர்ந்தால் புரூக்ளினெல்லா. மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கியே போதும். ஒரு மருந்து வாங்குவதற்கு முன்னால் அப்படி ஒன்று யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வதை நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

புரூக்ளினெல்லாவுக்கு உரிய மருந்து ஃபார்மலின். இது விளையாட்டுப் பொருள் அன்று. புற்றுநோயை உண்டாக்கக் கூடியது, கண்ணையும் மூச்சையும் எரிக்கும். திறந்த முற்றத்தில், கையுறை போட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டுதான் கையாள வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் பாட்டில் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. 37 சதவீத ஃபார்மலின் லிட்டருக்கு 0.25 மில்லி வரை போடலாம் என்று படித்திருந்தாலும், நம்மூர் வெப்பத்தில் அது அதிகம். தண்ணீர் சூடாக இருக்க இருக்க ஃபார்மலினின் கடுமை கூடும் என்பதால் லிட்டருக்கு 0.15 மில்லி, அதாவது பத்து லிட்டர் வாளிக்கு 1.5 மில்லி என்று ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, தனித்தொட்டியின் உப்பளவும் வெப்பமும் உள்ள சுத்தமான நீரில் கலந்தேன். ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும். ஆகவே வாளியில் மீனை விடுவதற்கு முன்பே காற்றுக்கல் பலமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீன் அந்த நீரில் குளிக்கும் முக்கால் மணி நேரமும் பக்கத்தை விட்டு நகரவே கூடாது. மீன் கவிழ்ந்து சாய்ந்தால் நேரம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும்.

குளியல் முடிந்தபின் மீனைப் பழைய தொட்டிக்கே திருப்பிவிட்டால் அத்தனையும் வீண். அங்கே ஒட்டுண்ணிகள் காத்திருக்கும். இது பிளந்து பிளந்து பெருகும் இனம், கூடுகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே இரண்டாவது தொட்டி ஒன்று வேண்டும். என்னிடம் இருந்தது மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதுவே போதுமானதாக இருந்தது. பழைய தொட்டியையும் வலையையும் குழாய்களையும் நன்னீரில் கழுவி வெயிலில் முற்றிலும் உலரவிட்டு, அடுத்த குளியலுக்குப் பிறகு மீனை அதற்கு மாற்றினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மூன்று குளியல். முதல் குளியலின்போதே வாளியின் அடியில் மூக்குச்சளிபோல் கோழை திரள் திரளாகக் கழன்று கிடந்தது. அருவருப்பாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தனித்தொட்டியில் மீனைக் கொல்வதில் பாதி தண்ணீர்தான். கழுவி உலர்த்தியபோது ஸ்பாஞ்சில் இருந்த பாக்டீரியாக்களும் போயின. பிளாஸ்டிக் பெட்டியிலோ தொடக்கத்திலிருந்தே இல்லை. கடல் நீரின் காரத்தன்மை (pH) 8.2 அளவில் இருப்பதால் நன்னீர்த் தொட்டியில் தாங்கக்கூடிய அம்மோனியா இங்கே தாங்காது. அம்மோனியாவைக் கட்டும் திரவங்கள் இருக்கின்றன என்றாலும், தாமிரம் போட்ட தண்ணீரில் அவற்றைச் சேர்த்தால் தாமிரத்தின் நச்சுத்தன்மை ஏறிவிடும். இரண்டையும் கலக்கவே கூடாது. மிஞ்சுவது தினமும் பாதித் தண்ணீரை மாற்றும் வேலைதான். ஆக்சிஜனும் அப்படியே: 30 டிகிரி வெப்பத்தில் கடல் நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜனைத் தாங்கும், செவுள் புண்ணான மீனுக்கு அது போதாது. மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை அந்த வாரமே வாங்கினேன். இந்தக் கதையில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் தந்த ஒரே பொருள் அது.

கடல் பக்கத்தில் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நினைப்பீர்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கிக் கிடக்கும், வாடை மாதங்களில் வடகடலான பாக் விரிகுடா அப்படி. மழைக்காலத்தில் உப்பும் இறங்கிவிடும். எந்தப் பக்கம் தெளிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் எடுக்க வேண்டும், உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றக் கூடாது. 2019 செப்டம்பரில் நாக்டிலூகா பாசி பெருகி மன்னார் வளைகுடா பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதை மண்டபம், பாம்பன் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீரிலும் என்னென்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்த நீரை மூடிய கேன்களில் இருட்டில் இரண்டு வாரமாவது வைத்திருந்து, மேல் தெளிவை மட்டும் பயன்படுத்துவது என் வழக்கம். நோய் வந்த பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனால் அந்தத் தண்ணீர் அன்றைக்கு உதவாது. ஆவியாகிக் குறைவதை ஈடுசெய்யக் காவிரிக் கூட்டுக் குடிநீரை ஊற்றுவதானால் குளோரினை நீக்கியாக வேண்டும்; ஆர்ஓ தண்ணீர் என்றால் அந்தக் கவலை இல்லை. மருந்து கலந்த நீரை எக்காரணத்தாலும் கடலில் சேரும் ஓடையில் விடாதீர்கள், நமக்குச் சொற்பமாகத் தெரியும் தாமிரம் இறாலுக்கும் நண்டுக்குஞ்சுக்கும் பெரிது.

மூன்றாவது குளியலுக்குப் பிறகு சின்ன மீனின் நெற்றி நிறம் திரும்பியது. ஆனால் தீனி எடுக்கவில்லை. ஊர்ச்சந்தையில் வாங்கிய பச்சை இறாலை உறையவைத்து, நகத்தின் ஓரத்தளவு துருவிப் போட்டேன். வாயில் வாங்கித் துப்பியது, மறுபடி வாங்கித் துப்பியது. மூன்றாம் முறை துப்பவில்லை. அதற்கும் பிறகு ஒரு மாதம் அதே தனித்தொட்டியில், மருந்து எதுவும் இல்லாமல், பார்வையில் வைத்திருந்துதான் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பெரிய தொட்டியில் இருந்த மற்ற மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் செலவில் உண்மையில் மிச்சமானது அதுதான்.

துணைக்கு அடுத்த மீன் வாங்கும்போது கடலில் பிடித்ததை வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பிடித்து, அடைத்து, பல தொட்டிகள் மாறி வரும் கோமாளி மீன்களிடம்தான் இந்த நோயை அதிகம் காண்கிறோம். மண்டபத்தில் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறது. பொரிப்பகக் குஞ்சுகள் விலை சற்றுக் கூடினாலும் உலர்தீனி தின்னப் பழகியவை. வாங்கும்போது இருக்கும் மீனைவிடச் சிறியதாகப் பாருங்கள்; கோமாளி மீன்கள் முதலில் ஆணாக இருந்து, கூட்டத்தில் பெரியதுதான் பெண்ணாக மாறும், ஒரே அளவில் விட்டால் சண்டை ஓயாது. பொரிப்பகத்துக் குஞ்சு என்பதற்காகத் தனித்தொட்டியைத் தவிர்க்க வேண்டாம். என்னுடையது அங்கேதான் இருக்கிறது, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று பெரிய தொட்டியின் வடிகட்டிப் பகுதியில் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கிறது, அக்கா தம் நுண்ணோக்கியை இன்னும் திரும்பக் கேட்கவில்லை.